கேம் கதையில் பிளேயருக்கு எவ்வளவு பங்கு?

2008 அக்டோபரில் வெளிவந்த ‘ஃபால்அவுட் 3’ கேமின் கடைசிக் காட்சி இப்படிப் போகும். குடிநீரைச் சுத்திகரிக்கும் பெரிய இயந்திரம் வெடிக்கப் போகிறது. யாராவது ஒருவர் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் போய் மூன்று இலக்க எண் ஒன்றை அழுத்த வேண்டும். போகிறவர் உயிரோடு திரும்ப மாட்டார். நாம் போகலாம், இல்லையென்றால் கூட இருக்கும் பெண் வீரரை அனுப்பலாம். கனமான முடிவு என்றுதான் எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் பல பிளேயர்களின் பக்கத்தில் ஃபாக்ஸ் என்ற மியூட்டன்ட் நின்றுகொண்டிருந்தான். கதிர்வீச்சு அவனை ஒன்றும் செய்யாது. அதே கதையில் கொஞ்சம் முன்னால்தான் இன்னொரு கதிர்வீச்சு அறைக்குள் தானே நடந்துபோய் ஒரு கருவியை எடுத்துவந்து நம் கையில் கொடுத்தான். இப்போது கேட்டால் ‘இது உன் விதி, நான் குறுக்கே வரக் கூடாது’ என்கிற தினுசில் நழுவிவிடுவான்.

புகார்கள் இரண்டு விதமாக வந்தன. நாயகன் செத்ததும் கேம் முடிந்துவிடுகிறதே, தொடர்ந்து சுற்ற விடக் கூடாதா என்பது ஒன்று. ஃபாக்ஸ் ஏன் போகவில்லை என்பது மற்றொன்று. 2009 மே மாதம் கேமைச் செய்த பெதஸ்தா நிறுவனம் காசுக்கு விற்ற ‘புரோக்கன் ஸ்டீல்’ சேர்க்கையில் இரண்டுக்குமே வழி செய்தது. நாயகன் இரண்டு வாரம் மயங்கிக் கிடந்து எழுகிறான், ஃபாக்ஸை அறைக்குள் அனுப்பவும் முடிகிறது. வேடிக்கை என்னவென்றால், அவனை அனுப்பினால் முடிவுரை சொல்லும் குரல் நம்மை இன்னும் கோழையாகவே பேசும். தியாகம் செய்யாமல் ‘உண்மையான வீரர்’ ஒருவரை அனுப்பிவிட்டோமாம். கதையின் தர்க்கத்தைத் திருத்தியவர்கள் கதையின் மனப்போக்கைத் திருத்தவில்லை.

இந்த ஒரு காட்சியிலேயே விஷயம் முக்கால்வாசி அடங்கிவிடுகிறது. ‘ஃபாக்ஸ் ஏன் போகல?’ என்பது கதை தன் விதியைத் தானே மீறியதைக் கண்டுபிடித்த கேள்வி. அதற்கு எழுத்தாளரிடம் பதில் இல்லையென்றால் காட்சிதான் தப்பு. ‘நாயகன் சாகக் கூடாது’ என்பது விருப்பம். விருப்பத்தைக் கேட்டுக்கொள்ளலாம், கட்டுப்பட வேண்டியதில்லை. தனக்கு என்ன நேர்ந்தது என்பதில் பிளேயர் சொல்வதே தீர்ப்பு. எங்கே குழம்பினார், எங்கே அலுத்தார், எங்கே ஏமாந்ததாக உணர்ந்தார் என்று அவர் சொன்னால் அதோடு வாதாட இடமில்லை. பாத்திரங்களுக்கு என்ன நேர வேண்டும் என்பதில் அவர் சொல்வது பத்தோடு பதினொன்றாக ஒரு கருத்து. இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் ‘ரசிகர் பேச்சைக் கேட்டுக் கெட்டது’, ‘கேட்காமல் கெட்டது’ என்று இரண்டு பக்கமும் எடுத்துக்காட்டு அடுக்க முடிகிறது.

கடைமடையில் ஒரு கதை

பேசுவதற்கு வசதியாக ஒரு கேமைக் கற்பனை செய்துகொள்வோம். போனில் விளையாடுவது, வசனம் முழுக்கத் தமிழ் எழுத்தில், மொத்தம் இரண்டு மணி நேரம். காவிரி டெல்டாவில் தலைஞாயிறு பக்கம் ஒரு கடைமடை ஊர், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் இடம். வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிற அப்பா படுத்த படுக்கையாகிவிட, மகள் செல்வி மண்வெட்டியைத் தூக்குகிறாள். மேட்டூர் திறப்பில் கதை தொடங்குகிறது. சம்பாவுக்கு நேரடி விதைப்பு முடிந்த வயல், முறைவைத்துத்தான் தண்ணீர். ஒரு ராத்திரி மேல்மடையில் யாரோ வாய்க்காலை அடைத்துவிடுகிறார்கள். செல்வி இருட்டோடு போய் அடைப்பை வெட்டிவிடலாம், அல்லது விடிந்ததும் பஞ்சாயத்தில் பேசலாம். கடைசியில் அப்பா இறந்துபோகிறார்.

இதைத் தஞ்சாவூர், மன்னார்குடி, வேதாரண்யம் என்று நாலு இடத்தில் நாலு பேர் கையில் கொடுத்தால் என்னென்ன வரும்?

“ஜூன் 12 மேட்டூர்ல தொறக்குறாங்க, மறுநாள் காலைல தலைஞாயிறுல தண்ணி ஓடுது. இது எந்த ஊர் கணக்குங்க?” மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் பிடிக்கும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, மிஞ்சுவது கொள்ளிடத்தில் விழுந்து, கிளை வாய்க்கால் எல்லாம் நனைந்த பிறகுதான் கடைமடை. இந்த வகைத் திருத்தத்தைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். கதைக்கு லாபமும் இதில் உண்டு. ‘தண்ணி திருவாரூர் தாண்டிடுச்சாம்’ என்று செய்தி மட்டும் வந்து தண்ணீர் வராமல் ஊர் காத்திருக்கும் நாட்கள், எழுதியவர் கணக்கில் இல்லாத ஒரு முழு அத்தியாயம். ‘பாட்டி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து “இவ அப்பாயின்னுதான் கூப்பிடுவா” என்று ஒருவர் சொன்னால் அதுவும் இதே கணக்குத்தான், அன்றைக்கே மாற்றிவிடலாம்.

“ராத்திரி அடைச்சது யாருன்னே தெரியல.” குழப்பம். இங்கே அவசரப்பட்டு ‘அடைத்தது இன்னார்’ என்று ஒரு வசனத்தைச் சேர்ப்பதுதான் வழக்கமான தவறு. ஏன் தெரியவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும். இருட்டில் மொபெட் கிளம்பும் சத்தத்தை வைத்து ஆளை அடையாளம் காட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவைத்து விளையாடுகிறவருக்கு அந்தத் துப்பு கிடைக்கவே வாய்ப்பில்லை. ஒற்றைக் கண் விளக்கு வரப்போரமாக நகர்வதைக் காட்டி, முதல் அத்தியாயத்தில் டீக்கடை வாசலில் அதே வண்டியை ஒருமுறை நிறுத்திவைத்தால் போதும். ஒரு வசனம்கூடக் கூட வேண்டாம்.

“நான் பஞ்சாயத்துல பேசுறேன்னுதான் அமுக்குனேன். எதை அமுக்குனாலும் ஒண்ணுதான் நடக்குது.” இதுதான் எல்லாவற்றிலும் கனமான புகார். கேம் ஒரு வாக்குக் கொடுத்து அதை மீறியிருக்கிறது. இரண்டு பொத்தானைக் காட்டியதே ‘நீ தேர்ந்தெடுப்பது கதையைத் திருப்பும்’ என்ற வாக்குத்தான். ஒரே வழியில் போகிற கதை என்றால் பொத்தானே வைத்திருக்கக் கூடாது. வைத்துவிட்டால், குறைந்தபட்சம் பின்னால் இரண்டு இடத்திலாவது அது நினைவுகூரப்பட வேண்டும். வெட்டிவிட்டவளிடம் மேல்மடைக்காரர் முகம் கொடுத்துப் பேச மாட்டார், பஞ்சாயத்துக்குப் போனவளிடம் அடுத்த முறைவைப்பில் கையெழுத்துக் கேட்டு வருவார். கதையின் போக்கு ஒன்றாகவே இருக்கலாம், ஊர் அவளைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டால் புகார் பெரும்பாலும் அடங்கிவிடும்.

“அப்பாவைச் சாகடிக்காதீங்க.” பத்தில் ஏழு பேர் சொன்னாலும் அப்பா சாகத்தான் வேண்டும், கதை அதற்காகத்தான் எழுதப்பட்டது என்றால். ஆனால் ஏழு பேர் சொன்னதைத் தூக்கி எறியவும் கூடாது. அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு குறை இருக்கும். சாவு திடீரென்று வந்திருக்கும், அல்லது மகள் கடைசியாக ஒரு வார்த்தை பேசும் காட்சி இருக்காது. ‘வயலுக்குத் தண்ணி ஏறிடுச்சுப்பா’ என்று அவள் வந்து சொல்லி, அவர் கேட்டாரா இல்லையா என்று தெரியாமல் போகும் அரை நிமிடத்தைச் சேர்த்துவிட்டு மறுபடி ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். சாவைப் பற்றிய பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

செல்விக்கும் மேல்மடைக்காரர் மகனுக்கும் காதல் வைக்கச் சொல்லி ஒருவர் கட்டாயம் கேட்பார். ஒவ்வொரு குழுவிலும் அவர் உண்டு. நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

கேட்கிற முறை

காவிரிக்கரைக்கு இது புதுசு இல்லை. கம்பர் ஸ்ரீரங்கத்தில் தன் காவியத்தை அரங்கேற்றியபோது இரணியன் வதைப் படலத்துக்கு எதிர்ப்பு எழுந்ததாகவும், எதிரே இருந்த மேட்டழகிய சிங்கரே தலையசைத்து ஏற்றதாகவும் மரபு சொல்கிறது. சபைக்கு ஆட்சேபிக்கும் உரிமை இருந்தது, கவிக்குப் பதில் சொல்லும் கடமை இருந்தது, படலமும் யுத்த காண்டத்தில் இன்றுவரை இருக்கிறது. கேம் சோதனைக்கு அந்த முறையில் ஒரே ஒரு சிக்கல்: அங்கே கேட்டவர்கள் புலவர்கள், வாயைத் திறந்து குறை சொல்லத் தயங்காதவர்கள். நம்மூரில் முகத்துக்கு நேரே கேட்டால் “நல்லாருக்குண்ணே” என்றுதான் வரும். காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டால் “சூப்பருண்ணே” என்று வரும். இரண்டாலும் பயன் இல்லை.

அதனால் முதல் விதி, கேமை எழுதியவர் சோதனையை நடத்தக் கூடாது. வேறொருவர் நடத்தட்டும், எழுதியவர் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு குறிப்பு எடுக்கட்டும். பிளேயர் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்கும்போது ‘அந்த மரத்தைத் தொடுங்க’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அந்த அமர்வு வீண். கேம் கடையில் விற்பனைக்கு வந்த பிறகு பின்னால் உட்கார்ந்து வழி சொல்ல ஆள் இருக்காது.

கதைச் சோதனையில் ஒரு ஆளை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். துப்பாக்கி விளையாட்டு கைக்கு எப்படி இருக்கிறது என்று சோதிக்க ஒரே ஆளைப் பத்து தடவை கூப்பிடலாம். கதை தெரிந்துவிட்ட ஆளுக்கு மறுபடி தெரியாமல் போகாது. ஆகவே பதினைந்து பேர் கிடைத்தால் எல்லாரையும் ஒரே நாளில் கூட்டிவிடாமல் ஐந்து ஐந்தாக மூன்று சுற்று வைத்துக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் வந்த குறையைத் திருத்திவிட்டுத்தான் இரண்டாவது சுற்று. ஒரு அமர்வு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். திரையைப் பதிவு செய்யுங்கள். குறிப்புத் தாளில் நான்கு பத்தி: நேரம், காட்சி எண், என்ன செய்தார், என்ன சொன்னார். ஐந்தாவதாக ‘ஏன்’ என்று ஒரு பத்தி போடத் தோன்றும், போடாதீர்கள். அது அந்த இடத்தில் நம் ஊகமாகத்தான் இருக்கும்.

முடிந்ததும் ‘பிடிச்சிருந்துதா’ என்று கேட்கவே கூடாது. “தம்பி, இந்தக் கதைய உங்க அக்காகிட்ட சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதில் மரியாதைக்குப் பொய் சொல்ல வழியில்லை. எதை விட்டுவிட்டுச் சொல்கிறாரோ அது மனசில் நிற்கவில்லை, எதைத் தப்பாகச் சொல்கிறாரோ அது புரியவில்லை, எந்த இடத்தில் குரல் ஏறுகிறதோ அங்கே கதை வேலை செய்திருக்கிறது. ‘அந்தப் பொண்ணு’ என்று சொல்கிறாரா ‘செல்வி’ என்று பெயர் சொல்கிறாரா என்பதுகூட ஒரு அளவுகோல். ஒரு வாரம் கழித்து போன் போட்டு ‘எது ஞாபகம் இருக்கு’ என்று மட்டும் கேட்டால், நாம் பெரிசாக நினைத்த காட்சி பட்டியலில் இல்லாமல் போவதைப் பார்க்கலாம்.

சோதனையிலிருந்தே கதை பிறந்ததற்குப் பேர்போன எடுத்துக்காட்டு 2007-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘போர்ட்டல்’. ஒரு நிலையில் ஒரே பெட்டியைக் கடைசிவரை கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். சோதனைக்கு வந்தவர்கள் அதை வழியிலேயே விட்டுவிட்டார்கள். பெட்டிமேல் இதயக் குறி வரைந்து, இது உன் துணை என்று கணினிக் குரலைப் பேசவிட்டதும், விட்டுப் போக மனசில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த நிலையின் முடிவில் அதையே எரியும் அடுப்பில் போடச் சொல்கிறது கேம். அந்த அடுப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று கடைசிச் சண்டைக்கு முன்னால் சொல்லிக்கொடுக்கவும் அதுவே உதவிற்று. சோதித்தவர்களில் யாரும் ‘பெட்டிக்கு உயிர் கொடுங்க’ என்று கேட்கவில்லை. அவர்கள் செய்ததெல்லாம் பெட்டியை மறந்ததுதான்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

போனில் ஓடும் கேம் என்றால் எந்தக் காட்சியில் வெளியேறினார்கள், எந்த வசனத்தை ஸ்கிப் செய்தார்கள், எந்தப் பொத்தானை எத்தனை நொடி யோசித்து அமுக்கினார்கள் என்று பதிவு செய்துகொள்ள முடியும். காட்சி எண், தேர்வு எண், நேரம் ஆகிய மூன்றும் போதும். ஆளின் பெயரோ தொலைபேசி எண்ணோ வேண்டாம், பதிவு செய்வதை முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிட வேண்டும்.

படிப்பதில்தான் சறுக்கல். ‘மாஸ் எஃபெக்ட்’ கேம்களில் நல்லவனாக விளையாடினவர்கள் ஏறக்குறைய 92 விழுக்காடு என்று அவற்றைச் செய்த பயோவேர் நிறுவனத்தில் வேலை செய்த ஒருவர் 2020-இல் சொன்னார். எட்டு விழுக்காட்டுக்காக முரட்டு வழியை எழுதியது வீண் என்று கணக்குப்பிள்ளை சொல்லலாம். ஆனால் முரட்டு வழி திரையில் இருந்ததால்தான் 92 பேருக்கும் தாங்கள் நல்லதைத் தேர்ந்தெடுத்த உணர்வு கிடைத்தது. அதை எடுத்துவிட்டால் அவர்கள் தேர்ந்தெடுத்ததாகவே ஆகாது.

ஸ்கிப் கணக்கு இன்னும் ஏமாற்றும். ஆங்கில கேம்களை விளையாடி வளர்ந்த பசங்க கட்சீன், அதாவது இடையில் தானாக ஓடும் கதைக் காட்சி, வந்தாலே பொத்தானை அமுக்கிப் பழகியவர்கள். புரியாத மொழியில் பேச்சு ஓடினால் வேறென்ன செய்வார்கள்? தமிழில் கேம் வந்தாலும் அந்தக் கைப்பழக்கம் போகாது. அதை ‘கதையில் ஆர்வமில்லை’ என்று படித்துவிட்டுக் கதையைக் குறைத்தால் தப்பான இடத்தில் கத்தி வைத்ததாகும்.

‘கதை புரியல’ என்ற புகாருக்குக் காரணம் கதையே இல்லாமலும் இருக்கலாம். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைக் காட்டப் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ்ப்ரோவில் தமிழை அப்படியே கொட்டினால் ‘கொ’, ‘கே’ போன்றவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதே மாதிரி இன்னொரு மென்பொருளான கோடோ 4-இல் எழுத்தைக் கோக்கும் வசதி உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. வசனத்தை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு போல வரவைக்கும் உத்தியிலும் கவனம் வேண்டும். யூனிகோடு குறியீடு ஒவ்வொன்றாகக் காட்டினால் ‘ம’ வந்து, பிறகு புள்ளி வந்து ‘ம்’ ஆகும், ‘க’ வந்து ‘கி’ ஆகும். கண் தடுக்கித் தடுக்கிப் படிக்கும். முழு எழுத்தாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். ஆங்கில வசனத்துக்கு அளந்து செய்த பெட்டியில் தமிழ் அடங்காமல் கடைசி வரி வெட்டுப்படுவதும் வழக்கம். அந்தக் கடைசி வரியில்தான் அடைத்தவன் பெயர் இருந்தது என்றால், எழுத்தாளரைத் திட்டிப் பயனில்லை.

எந்தக் கட்டத்தில், எவ்வளவு

கிளை பிரியும் கதையின் செலவு பெருக்கல் கணக்கு. இரண்டு வழியுள்ள தேர்வு மூன்று வைத்தால் எட்டு கதை, ஐந்து வைத்தால் முப்பத்திரண்டு, பத்து வைத்தால் ஆயிரத்து இருபத்துநாலு. அதனால்தான் எல்லாரும் கிளைகளைச் சில இடங்களில் மறுபடி ஒன்றாகச் சேர்க்கிறார்கள். ‘இங்க இன்னொரு வழி வைங்க’ என்ற சுலபமான யோசனைக்கு எழுதுகிற மேசையில் இதுதான் விலை. முக்கியக் கதைத் திருப்பத்தைப் பற்றிய கருத்து தாளில் இருக்கும்போதே வர வேண்டும். பத்துப் பக்கச் சுருக்கத்தை நாலு பேருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினால் செலவு ஒரு மாலைப்பொழுது. காட்சிகள் வெறும் கட்டங்களாக நிற்கும் கட்டத்தில் புரிகிறதா என்பதைச் சோதிக்கலாம். குரல் பதிவு முடிந்துவிட்டால் கதைப் பூட்டு. அதற்குமேல் ஒரு வரி மாற வேண்டுமென்றால் நடிகரை மறுபடி கூப்பிட வேண்டும், குரல் பழைய பதிவோடு ஒட்டவும் வேண்டும். வெறும் எழுத்து வசனம் உள்ள கேமுக்கு இந்தப் பூட்டு தாமதமாக விழும். சின்னக் குழுக்களுக்கு எழுத்து வசனமே நல்லது என்பதற்கு இது ஒரு காரணம்.

முடியாத கேமையே விற்றுக்கொண்டு கருத்துக் கேட்கும் எர்லி ஆக்சஸ் முறையில் இரண்டு பெரிய பாடங்கள் உண்டு. ‘ஹேடிஸ்’ 2018 டிசம்பரில் அப்படி வந்து 2020 செப்டம்பர் 17-இல் முழுமையானது. 20,000-க்கும் மேற்பட்ட குரல் வசனங்கள் உள்ள கதை அது. கதையின் உண்மையான முடிவை மட்டும் கடைசி நாள்வரை வெளியே விடவில்லை. சண்டை, ஆயுதம், பேச்சின் வேகம் என்று மற்ற எல்லாவற்றிலும் பிளேயர் பேச்சைக் கேட்டார்கள். முடிவைப் பற்றி வாக்கெடுப்பு நடக்கவே வழி வைக்கவில்லை.

‘பால்டர்ஸ் கேட் 3’ 2020 அக்டோபரில் முதல் பாகத்தை மட்டும் திறந்துவிட்டு 2023 ஆகஸ்ட் 3-இல் முழுதாக வந்தது. இடையில் வில் என்ற துணைப் பாத்திரத்தைப் புது நடிகரோடு புதிதாகவே எழுதினார்கள். ஹால்சின் என்ற பாத்திரத்தைக் காதலிக்க வழி கேட்டவர்களுக்கு அதுவும் கிடைத்தது. மூன்று வருடம் ஆயிரக்கணக்கானோர் கைபட்ட முதல் பாகம் வழவழவென்று இருந்தது. யார் கையும் படாத மூன்றாம் பாகத்தைப் பற்றித்தான் வெளியீட்டுக்குப் பிறகு குறைகள் அதிகம் வந்தன. கார்லக் என்ற இன்னொரு துணைப் பாத்திரத்தின் முடிவு ஆகஸ்ட் கடைசியில் ஒரு பேட்சில், அதாவது திருத்தப் பதிப்பில், விரிந்தது. நவம்பர் 30-இல் வந்த ஐந்தாவது பேட்ச், ஆறு மாதத்துக்குப் பிறகு எல்லாரும் கூடும் ஒரு முடிவுரைக் காட்சியைச் சேர்த்தது. கதை முடிந்ததும் இந்த ஆட்களுக்கு என்ன ஆயிற்று என்று பிளேயர்கள் கேட்டதற்கு அது பதில். மறைத்துவைத்த பகுதிக்குச் சோதனையும் கிடைக்காது என்பது அந்த ரகசியத்துக்குக் கொடுக்கும் விலை. முடிவை மூடிவைக்கிற குழு, வாய் மூடி இருப்பதாக வாக்குக் கொடுத்த பத்துப் பேரிடமாவது அதைத் தனியாகக் காட்டியே ஆக வேண்டும்.

வெளிவந்த பிறகு வருகிற கூச்சல்

2012 மார்ச்சில் ‘மாஸ் எஃபெக்ட் 3’ வந்தபோது நடந்ததை இன்றும் ‘ரசிகர்கள் முடிவை மாற்ற வைத்தார்கள்’ என்றே சொல்கிறார்கள். அப்படி இல்லை. 2007-இலிருந்து மூன்று கேம், உன் தேர்வெல்லாம் கடைசியில் எதிரொலிக்கும் என்ற வாக்கு, கடைசியில் மூன்று வழி, மூன்றிலும் ஏறக்குறைய ஒரே காட்சி சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறி வந்தது. எதிர்ப்பாளர்கள் குழந்தைகளுக்கான அறக்கட்டளைக்கு 80,000 டாலர் திரட்டினார்கள், பயோவேர் அலுவலகத்துக்கு அதே மூன்று நிறத்தில் கப்கேக் அனுப்பினார்கள், எல்லாம் ஒரே வெனிலா சுவையில். இவ்வளவு துல்லியமான விமர்சனத்தை எந்தக் கட்டுரையும் எழுதவில்லை. ஜூன் 26-இல் இலவசமாக வந்த ‘எக்ஸ்டெண்டட் கட்’ அந்த மூன்று முடிவுகளையும் மாற்றவில்லை. யார் பிழைத்தார், எந்த உலகம் என்ன ஆயிற்று என்று காட்சிகளைச் சேர்த்தது. எதையும் தேர்ந்தெடுக்க மாட்டேன் என்று மறுக்கும் நாலாவது வழியையும் கொடுத்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாரும் தோற்பார்கள், அதுவும் நியாயமே. வாக்கு மீறப்பட்டது என்ற புகாருக்குப் பதில் சொன்னார்கள், மகிழ்ச்சியான முடிவு கேட்டவர்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கோடு போட்ட இடம் சரி என்றே தோன்றுகிறது. மூன்று மாதம் முன்னதாகவே அந்தக் காட்சிகள் இருந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

2020-இன் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2’ நேர் எதிர். ஏப்ரலில் கதை கசிந்தது, ஜூன் 19-இல் கேம் வந்தது. முடிக்க 25 மணி நேரம்போல ஆகும் கேமுக்கு முதல் நாளே பூஜ்ய மதிப்பெண்கள் குவிந்தன. ஒரு பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அந்த ஜூலையில், விமர்சன மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிடிக் தளம், வெளியீடு முடிந்து 36 மணி நேரம் கழித்தே பொதுமக்கள் மதிப்பெண் போட முடியும் என்று விதியை மாற்றிக்கொண்டது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் அதற்கு முன்பே, 2017 செப்டம்பரில், எந்த நாளில் எத்தனை ரிவ்யூ விழுந்தது என்று வரைபடமாகக் காட்டத் தொடங்கியிருந்தது. கேமை எழுதியவர்கள் கதையில் கை வைக்கவில்லை. அந்தக் கதை எல்லாருக்கும் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் விளையாடி முடிக்காதவர் கதையின் முடிவைப் பற்றிச் சொல்வதைப் பின்னூட்டமாக எண்ண முடியாது.

கதையில் வருகிற வாழ்க்கையை வாழ்ந்தவர் பேசினால் அது தனி. 2018 நவம்பர் 16-இல் கஜா கரையேறியபோது பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு இழந்தவரும், 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினத்தில் வீட்டில் ஒருவரை இழந்தவரும் ‘அந்தக் காட்சியை இப்படிக் காட்டாதீங்க’ என்றால், அதை விருப்பம் என்ற பெட்டியில் போட்டு மூடக் கூடாது. அவர்கள் எண்ணிக்கையில் இரண்டு பேராக இருந்தாலும் சரி. உடனே வெட்ட வேண்டும் என்பதில்லை, எது உறுத்துகிறது என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். பெரும்பாலும் அலையோ காற்றோ உறுத்தாது. செத்தவர்கள்மேல் நடந்துபோனால் கூடுதல் புள்ளி கிடைப்பது மாதிரி ஏதாவது ஒரு கேம் பழக்கம் இடறியிருக்கும்.

சின்னக் குழுவுக்கு இதில் பெரிய கம்பெனியைவிட ஒரு வசதி உண்டு. தமிழ்க் குடும்பம் ஒன்று கனடாவுக்குப் போன கதையைச் சமையல் வழியாகச் சொன்ன ‘வெண்பா’ (2023, விசை கேம்ஸ், டொராண்டோ) ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே வழியில் போகிற கதை, பெரிய வாக்கு எதுவும் கொடுக்கவில்லை, கொடுத்ததைக் காப்பாற்றிற்று. நீளம் போதவில்லை என்று குறைப்பட்டவர்கள் இருந்தார்கள். 2024-இல் புதுமுக கேமுக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது. ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது 2015-இலிருந்து இருக்கும் விதி. முழுக் கதையையும் பார்த்துவிட்டே திருப்பிக் கொடுக்க முடிகிற நீளம் அது என்பதால் இப்படிப்பட்ட கேமுக்கு அந்த விதி கொஞ்சம் கடுமைதான். அதற்குப் பயந்து ‘நீளமாக்குங்க’ என்ற பேச்சைக் கேட்டுக் கதையை இழுத்தால் எழுத்துத்தான் நீர்த்துப்போகும்.

நம் கடைமடைக் கேம் வெளிவந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் எழுத்துப் பிழை, நின்றுபோகும் இடங்கள், வெட்டுப்பட்ட வரிகள் ஆகியவற்றை மட்டும் சரிசெய்யுங்கள். கணினிக்கும் கொண்டுவந்து ஸ்டீமில் விற்றால், ஒவ்வொரு ரிவ்யூவிலும் அதை எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று இருக்கும், அதை வைத்து முடித்தவர்களைத் தனியாகப் பிரித்துப் படிக்கலாம். ஒரு மாதம் கழித்தும் முடித்தவர்கள் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஒரு காட்சியைச் சேர்க்கலாம். சேர்க்கும்போது பழைய சேவ் கோப்புகள்தான் உதைக்கும். கதையின் நடுவில் புதுக் காட்சியைச் செருகினால், அதைத் தாண்டிச் சேவ் செய்தவருக்கு அந்தக் காட்சி நடந்ததற்கான குறி இருக்காது, பின்னால் வரும் வசனம் அந்தக் குறியைத் தேடி நின்றுவிடும். ‘எக்ஸ்டெண்டட் கட்’ வந்தபோதும் செர்பரஸ் என்ற எதிரிக் கூட்டத்தின் தளத்தைத் தாக்குவதற்கு முந்தைய சேவிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார்கள். குறி இல்லையென்றால் பழைய வசனமே ஓடட்டும் என்று முன்னிருப்பை வைத்து, புதுக் காட்சியைக் கடைசிச் சேவ் இடத்துக்குப் பின்னால் போட்டு, ஏற்கனவே முடித்தவர்கள் அந்த அத்தியாயத்தை மட்டும் திறக்க முகப்பில் ஒரு பொத்தான் கொடுத்துவிட்டால் யாருடைய ஆட்டமும் கெடாது.